காயக் கூடாத பால்

மனிதகுலம் இதுவரை கட்டிய சுவர்களில் ஒன்றுகூடப் பூச்சுக்கு அடியில் தடவும் பிரைமரால் நிற்கவில்லை, அத்தனையும் அறையால்தான் நிற்கின்றன என்று மாரீஸ்வரன் சொன்னான். அறை என்று அவன் சொன்னது ஆள் குடியிருக்கும் அறையை அல்ல, கன்னத்தில் விழும் அறையை. கொத்துக்கரண்டியில் சாந்தை அள்ளி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் சுவரின்மேல் அவன் அறைகிற அறையில், சிமெண்ட் தனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று புரிந்துகொண்டு அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். பிரமிடைக்கூட இப்படி அறைந்துதான் பூசியிருப்பார்கள் என்றான். பிரமிடில் பூச்சு எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, சரியாக அறையாததால் விழுந்திருக்கும் என்றான்.

இதை அவன் சொன்ன இடம் செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்துக் காலி அறை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவனுடைய அக்கா பேராச்சி. மற்றவன் தொழில் கூட்டாளி நஜிமுதீன். தாராவியில் இருவரும் சேர்ந்து நடத்தும் பூச்சு வேலைக் கம்பெனிக்கு ஆபீஸ் கிடையாது, போர்டு உண்டு. போர்டில் மாரீஸ்வரன் பெயர் பெரிதாகவும், நஜிமுதீன் பெயர் அதைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டிருப்பதுபோல் அடியிலும் இருக்கும்.

பேராச்சி, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவள். தாராவியில் அவள் இருக்கும் ஒற்றை அறையில், பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் தலையணையாக வைத்துத் தூங்கும் நிலை வந்துவிட்டது. அம்மாக்களில் பாதிப் பேருக்குச் செம்பூரில்தான் வேலை. அதனால் இந்த அறையை வாடகைக்குப் பிடித்தாள். சித்திரை ஒன்றாம் தேதி பிள்ளைகள் இங்கே வந்துவிட வேண்டும். வராவிட்டால் இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்திருக்கும், வாசலில் கார்ட்டூன் முயல் வரைந்த இடத்துக்கு அம்மாக்கள் போய்விடுவார்கள்.

அவளுடைய கவலை முயல் அல்ல, சுவர். முன்பு இங்கே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. போன மழைக்காலத்தில் சுவர்ப்பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து மிஷின்மேல் விழுந்தது. மிஷின் அதற்குப் பிறகு ஒரு காப்பிகூட எடுக்கவில்லை. அந்த மிஷின் இருந்த இடத்தில்தான் இனி பிள்ளைகள் தூங்கப் போகிறார்கள்.

எதிரெதிராக இரண்டு கான்கிரீட் சுவர்கள். லிஃப்ட் பக்கம் ஒன்று, தெருப் பக்கம் ஒன்று. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தபோது உள்ளே கான்கிரீட் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. கைவைத்தால் கை நழுவுகிற சுவரில் சாந்து எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சாதாரணமாக இப்படிப்பட்ட சுவரைச் சுத்தியலால் பொத்தல் பொத்தலாகக் கொத்திவிட்டுத்தான் பூசுவார்கள். ஆனால் மேல்மாடிப் பிள்ளைகளுக்குப் போர்டு பரீட்சை. சுத்தியல் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிடுவேன் என்று கட்டடத்தில் குடியிருப்பவர்களின் சொசைட்டி செகரெட்டரி சொல்லிவிட்டார்.

“கொத்தக் கூடாதுன்னா பால் அடிச்சிருவோம்” என்றான் நஜிமுதீன். “பால் அடிச்சுப் பூசினா கப்புனு புடிச்சுக்கிடும்.”

டப்பாவில் பாண்டிங் ஏஜெண்ட் என்றோ வேறு என்னவோ ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அதை யாரும் படித்ததில்லை. ஊற்றினால் பசும்பால்போல வெள்ளையாக இருப்பதால் மும்பையில் இந்தி பேசும் ஆள்கள் அதைத் தூத் என்பார்கள், நம் ஆள்கள் பால் என்பார்கள். அதில் தண்ணீரும் சிமெண்டும் கலந்து தோசைமாவுப் பதத்தில் சுவரில் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே சாந்தைப் பூசிவிட வேண்டும்.

“கோந்து” என்றான் மாரீஸ்வரன். “சுவருக்குக் கோந்து தடவி ஒட்டுததுக்கு நாம என்ன ஸ்டேஷனரி கடையா வச்சிருக்கோம்?”

“கோந்து இல்லவே. புடிமானம்.”

“பொண்ணு பாக்கும்போது நடுவுல தரகன் வேணும், சரி. கல்யாணம் முடிஞ்ச பொறவும் கட்டில்ல நடுவுல தரகன் படுத்துக் கெடந்தா எப்படிவே?”

“ஏல, அக்கா நிக்கேன்” என்றாள் பேராச்சி.

“சுவரைப் பத்திச் சொன்னேன்க்கா.”

“அதான் தெரியுதே.” பேராச்சி இரண்டு சுவர்களையும் மாறிமாறிப் பார்த்தாள். “ஆளுக்கு ஒரு சுவர் பூசுங்க. ஒன் அறையை நீ அறை. நஜிம் பாலை அடிக்கட்டும். எது விழுதுன்னு பாத்துக்கிடுதேன்.”

“விழுததுக்கா பூசச் சொல்லுத?”

“விழுததா இருந்தா இப்பவே விழட்டும். பிள்ளைய வந்த பொறவு விழக் கூடாது.”

வியாழக்கிழமை மாரீஸ்வரன் லிஃப்ட் பக்கச் சுவரை அறைந்தான். அந்தச் சத்தத்துக்கு மேல்மாடியிலிருந்து செகரெட்டரி இறங்கி வந்து, சுத்தியலுக்குத் தடை என்று சொன்னேனே என்று இந்தியில் கேட்டார். இது கையின் சத்தம், கைக்குத் தடை உண்டா என்று மாரீஸ்வரனும் இந்தியில் கேட்டான். செகரெட்டரி யோசித்துவிட்டு லிஃப்டில் ஏறினார். சாயங்காலம் சுவர் ரசமட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அழகாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நின்றது. புதுப் பூச்சு எல்லாமே முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். மாரீஸ்வரன் அதைத் தன் அழகு என்று எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள். வேலை பாதியில் இருந்தாலும் பரவாயில்லை, பால் காய்ச்சிவிடலாம் என்று பேராச்சி ஸ்டவ்வும் புதுப் பாத்திரமும் கொண்டுவந்தாள். அவள் ஒரு மூலையைக் கழுவிக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே நஜிமுதீன் தெருப் பக்கச் சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி போகக் கழுவி, அகலப் பிரஷ்ஷால் முழுச் சுவருக்கும் பால் அடித்துவிட்டான். சாந்து குழைக்கிற இரண்டு ஆள்களும் தட்டோடு தயாராக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து மணல் வண்டிக்காரன் போன் செய்தான். சந்தின் வாயில் தண்ணீர் டேங்கர் நிற்கிறது, வண்டி உள்ளே வராது, மூட்டையை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறேன் என்றான். நஜிமுதீன் இதோ வந்துவிடுகிறேன் என்று ஓடினான்.

இதோ என்பது மும்பையில் டேங்கர் நகர்வதைப் பொறுத்தது. மூட்டைகளோடு மாட்டிக்கொண்ட நஜிமுதீனுக்குச் சுவரின் ஞாபகமாகவே இருந்தது. அடித்த பால் காய்ந்துவிட்டால் அது பிடிமானம் இல்லை, வழுக்கல். பேராச்சிக்குப் போன் போட்டான்.

“அக்கா, பால் காஞ்சிட்டா?”

பேராச்சி ஸ்டவ்வைப் பார்த்தாள். பாத்திரத்தில் பால் சிவனே என்று கிடந்தது.

“இல்ல தம்பி, இன்னும் காயல.”

“ஓரத்தைப் பாத்துச் சொல்லுங்க. ஓரத்துலதான் மொதல்ல தெரியும்.”

“ஓரத்துலகூட ஒண்ணும் காணோம்.”

“அப்ப சரி. இங்க டேங்கர் நகர மாட்டேங்கு.”

“நீ பதறாம வா தம்பி. நீ வாரவரைக்கும் காய விடமாட்டேன்.”

பேராச்சி திரியை இறக்கினாள். தன் முதல் பாலை நஜிமுதீனும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அடிக்கடி சுவரில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்கிறாள், எவ்வளவு விவரமான அக்கா என்று அங்கே மெயின் ரோட்டில் நஜிமுதீன் நெகிழ்ந்துபோய் இரண்டாவது கட்டிங் சாயாவுக்குச் சொன்னான்.

அவன் மணலோடு வந்து சேர்ந்தபோது பேராச்சி திரியை ஏற்றினாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. அவளே குலவையிட்டாள், செகரெட்டரி மறுபடி எட்டிப் பார்த்தார். முதல் டம்ளர் நஜிமுதீனுக்கு. ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சுவரைத் தொட்டான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வெயில் நேராகச் சன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. இப்போதுதான், இந்த நிமிஷம்தான் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். குழைத்த சாந்து இறுகத் தொடங்கியிருந்தது, ஆள்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் பூச ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை காலையில் பேராச்சி கதவைத் திறந்தபோது தெருப் பக்கச் சுவரின் பூச்சு தரையில் படுத்திருந்தது. உடையக்கூட இல்லை, பாதிக்குமேல் ஒரே பாளமாக, பாய் விரித்ததுபோல் கிடந்தது. பின்னால் கான்கிரீட்டில் ஒரு மெல்லிய தோல், மழைக்கோட்டுபோலப் பளபளத்தது. பேராச்சி வாசலில் நின்றபடியே நஜிமுதீனுக்குப் போன் போட்டாள்.

நஜிமுதீன் வந்து அந்தத் தோலை நகத்தால் உரித்தான்.

“காஞ்ச பொறவு பூசியிருக்கேன். அக்கா, ஒங்கள்ட்ட கேட்டேன்லா, பால் காஞ்சிட்டான்னு?”

“ஆமா, காயலன்னேன். நீ வந்த பொறவுதான பொங்குச்சு.”

“பொங்குச்சா?”

“பொங்கி வழிஞ்சுச்சே. நீதான மொத டம்ளர் குடிச்ச.”

நஜிமுதீன் சுவரையும் மூலையில் இருந்த ஸ்டவ்வையும் ஒருமுறை பார்த்தான்.

“அந்தப் பாலா?”

“வேற எந்தப் பால்?” என்றவள் அவன் நகத்தில் தொங்கிய தோலைப் பார்த்துவிட்டு, “அட நாசமத்துப் போவானே, இந்தப் பாலையா கேட்ட?” என்றாள். பிறகு தரையில் கிடந்த பாளத்தைப் பார்த்தே சிரிக்கத் தொடங்கினாள். நஜிமுதீனும் சிரித்தான். “பூசினவன் நான்தான். தொட்டுப் பாத்தும் பூசினேன். ஒங்க மேல குத்தம் இல்ல. நாளைக்குத் திரும்பப் பூசித் தாரேன்” என்றான்.

சிரிக்காதவன் மாரீஸ்வரன் ஒருவன்தான். அவன் வந்தபோதே போனைக் கையில் எடுத்து வைத்திருந்தான். தத்துவங்களுக்கு நிரூபணம் கிடைப்பது அபூர்வம், கிடைக்கும்போது வீடியோ எடுத்துவிட வேண்டும்.

“பாருங்க மக்களே, இது பால் குடிச்சு வளந்த சுவர்” என்று தரையைக் காட்டினான். “இது ஒண்ணும் குடிக்காம அறை வாங்கியே வளந்த சுவர்” என்று லிஃப்ட் பக்கம் திரும்பி, உள்ளங்கையால் தன் பூச்சை ஒரு தட்டுத் தட்டினான். “கோந்து வேண்டாம், கை போதும். இவன் மாரீஸ்வரன், தாராவி.” ஸ்டவ் விஷயம் வீடியோவில் வரவில்லை. வெளிச்சம் போதவில்லை என்றான்.

மத்தியானத்துக்குள் அது பூச்சு வேலைக்காரர்களின் குரூப் எல்லாவற்றிலும் போய்விட்டது. விக்ரோலியில் பார்த்தார்கள், ஐரோலியில் பார்த்தார்கள். மாட்டுங்காவிலிருந்து விசாலாக்ஷி என்று ஒரு மாமி போன் செய்து, “நீங்கதான் அந்த அறையறவரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றான். “எங்காத்துல பேத்தி படுக்கற ரூம். பிரைமர் இல்லாமலே நிக்கும்னு சொல்றேளே, நிஜமா நிக்குமோன்னோ?” என்றாள். “சுவர் இடிஞ்சாலும் பூச்சு நிக்கும் மாமி” என்றான்.

சொல்லி முடித்துவிட்டு, தன்னையே இன்னொரு முறை பார்த்து மகிழலாம் என்று சயான் ஸ்டேஷன் பக்கம் நின்றபடி வீடியோவைப் போட்டான். சத்தத்தைக் கூட்டிக் காதோடு வைத்துக்கொண்டான். அவன் தன் சுவரைத் தட்டும் இடம் வந்தது.

டொப்.

மறுபடி போட்டான். டொப். கெட்டியாகப் பிடித்த பூச்சைத் தட்டினால் டக் என்று கேட்க வேண்டும். கல்லைத் தட்டினதுபோலக் கை வலிக்க வேண்டும். டொப் என்பது பிஸ்கட் டின் போடும் சத்தம். பூச்சுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று இருந்தால்தான் அப்படிக் கேட்கும். போன் ஸ்பீக்கர் சரியில்லை என்று முடிவு செய்தான். நாலு பேர் போனில் போட்டுக் கேட்டான். நாலு போனும் சரியில்லை.

அன்று சாயங்காலமே செம்பூருக்குப் போனான். சாவியின் முனையால் லிஃப்ட் பக்கச் சுவரைக் கீழிருந்து தட்டிக்கொண்டு வந்தான். டக், டக், டக். இடுப்பு உயரத்துக்கு மேல் டொப். அங்கிருந்து பக்கவாட்டில் டொப், டொப். ஒரு கட்டில் அளவுக்குச் சுவர் உள்ளே பொள்ளலாக இருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கீறல் இருந்தால் அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

பேராச்சி ஒரு சுருட்டிய பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அளவு பார்க்கக் கொண்டுவந்ததாம். தெருப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக லிஃப்ட் பக்கச் சுவரடியில் விரித்தாள்.

“இங்கன ஒட்டிப் போட்டா ஒரு வரிசை பிடிக்கும். கைப்பிள்ளைய எல்லாம் இந்தப் பக்கம்.”

“ஏன் இந்தப் பக்கம்?”

“அந்தச் சுவரைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு. ஒன் சுவர்தான நிக்கு. இங்கன வேலைக்கு வார மெஹராஜ்ட்டயும் சொல்லிட்டேன், ஒன் மவ எந்தம்பி சுவரடியிலதான் படுப்பான்னு. வீடியோவையும் காட்டினேன். சரிக்கான்னு சொல்லிட்டா.”

“நடுவுல போடு. காத்து வரும்.”

“நடுவுல போட்டா நடக்கதுக்கு எடம் வேண்டாமா?”

“ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடு.”

“ஏல, என்ன, ஒன் சுவரை ஒனக்கே நம்பிக்கை இல்லையா?”

“எனக்கா?” என்று மாரீஸ்வரன் சிரித்தான். சிரிக்கும்போது சுவரில் சாயப் போனவன் சாயாமல் நிமிர்ந்துகொண்டான்.

“அடுத்த திங்கக்கிழமை பெயிண்டர் வாரான்” என்றாள் பேராச்சி. “மஞ்சள் அடிக்கச் சொல்லியிருக்கேன்.”

அதன் பிறகு அவன் கை சும்மா இருக்கவில்லை. எதைப் பார்த்தாலும் தட்டினான். ரயில் கதவை, சாயாக்கடை மேஜையை, தொண்ணூறடி ரோட்டு விளக்குக் கம்பத்தை, சாப்பிட உட்கார்ந்தால் தட்டை. ஒரு வேலை பார்க்கப் போன வீட்டில் அந்த வீட்டுக்காரரின் அலமாரியைத் தட்டிவிட்டு, உள்ளே பொள்ளல் என்றான். அலமாரி அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். வீடியோவுக்கு இதயம் இதயமாக வந்துகொண்டிருந்தது. ஒருவன்கூட டொப் என்று எழுதவில்லை. யாராவது எழுதிவிட்டால் சண்டையாவது போடலாம். எழுதாததால் அவனே போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை நஜிமுதீன் தெருப் பக்கச் சுவரைத் திரும்பப் பூசினான். இந்த முறை போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டான். முழுச் சுவருக்கும் ஒரேயடியாக அடிக்கவில்லை. கையெட்டும் அகலத்துக்கு ஒரு பட்டை பால், அது விரலில் இழுக்கும்போதே அதன்மேல் சாந்து, பிறகு அடுத்த பட்டை. மாரீஸ்வரன் வாசலில் நின்று, வேறெங்கோ பார்ப்பதுபோல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னவே, சுவருக்கு மேக்கப் முடிஞ்சிட்டா?”

“முடியப் போவுது.”

“வீடியோ பாத்தியா?”

“பாத்தேன். என் சுவர் நல்லா விழுந்திருக்கு” என்றான் நஜிமுதீன். கரண்டியை நிறுத்தாமல், “ஒன் சுவரும் நல்லாப் பேசுது” என்றான்.

“பேசுதா?”

“நீ பேசுததைத்தான் சொன்னேன்.”

மாரீஸ்வரன் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். நஜிமுதீன் முகத்தில் சாந்து தெறித்திருந்ததைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கேட்டிருக்கிறானா, கேட்கவில்லையா? கேட்டிருந்தால் ஏன் சொல்லவில்லை? அன்று முழுக்க அந்தக் கேள்வி மாரீஸ்வரனுக்கு உள்ளே டொப் டொப் என்று தட்டிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை அவன் விக்ரோலிக்கு ரயில் ஏறினான். தாராவியில் பெயிண்ட் கடைக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கடையிலும் அவனைத் தெரியும், அதுதான் பஞ்சம். விக்ரோலியில் ஸ்டேஷனை விட்டு நன்றாக உள்ளே தள்ளி ஒரு கடையைக் கண்டுபிடித்து, தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நல்ல இந்தியில், பாண்டிங்குக்கு ஏதாவது இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டான். கவுண்டரில் இருந்தவன் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தான். ஒன்றில் வெள்ளை. இன்னொன்றில் சிவப்பாக, மணல் கலந்த பெயிண்ட்போல ஒன்று.

மாரீஸ்வரன் சிவப்பைக் காட்டி, இது சீக்கிரம் காயுமா என்று இந்தியில் கேட்டான்.

“நல்லாக் காயவிட்டுத்தான்ணே அது மேல பூசணும்” என்றான் கவுண்டர்க்காரன், சுத்தமான திருநெல்வேலித் தமிழில். “காஞ்ச பொறவு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு நிக்கும். அந்தச் சொரசொரப்புதான் புடிமானம். ஆனா அது ஜிப்சம் பூச்சுக்கு. ஒங்களுக்கு ஜிப்சமா, சிமெண்டா?”

மாரீஸ்வரன் கொஞ்ச நேரம் இந்தியிலேயே நின்றான். பிறகு, “சிமெண்ட்” என்றான்.

“அப்ப இந்தப் பால்தான். இது காயக் கூடாது. காஞ்சா கதை முடிஞ்சுது. ஒண்ணு காயணும், ஒண்ணு காயக் கூடாது, ரெண்டையும் குழப்பித்தான் பாதிப் பேரு சுவரைக் கீழ போடுதான்.” அவன் டப்பாவைத் துடைத்தான். “என் பேரு காலித். மேலப்பாளையம். நீங்க தாராவி மாரீஸ்வரன் அண்ணன்தான?”

“இல்ல.”

“வீடியோவுல பாத்தேனே. கை போதும்னு.”

“அது என் தம்பி.”

“அச்சு அசல் நீங்கதான்.”

“எல்லாரும் சொல்லுவாங்க.” மாரீஸ்வரன் வெள்ளை டப்பாவைத் தன் பக்கம் இழுத்தான். “இது ஒரு பார்ட்டிக்கு. நமக்கு இதுல நம்பிக்கை கெடயாது. பார்ட்டி கேக்கான்.”

“பார்ட்டி விவரமான ஆளு” என்றான் காலித். “சுவர்ல எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமக் கழுவச் சொல்லுங்க. சீக்கிரம் காயாம இருக்க சன்னலைச் சாத்திக்கிடச் சொல்லுங்க. பை வெள்ளையா, கறுப்பா?”

“கறுப்பு.”

ஞாயிற்றுக்கிழமை பேராச்சி பாய்களும் விளையாட்டுச் சாமானும் வாங்க வாஷிக்குப் போனாள். ஞாயிறு என்றால் தண்டவாள வேலைக்காக மெகா பிளாக், ஹார்பர் லைனில் வண்டி குறைவு, சாயங்காலத்துக்கு முன்னால் திரும்ப முடியாது. மாரீஸ்வரன் பெயிண்டருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை நாள் சரியில்லை, லிஃப்ட் பக்கச் சுவரைக் கடைசியில் வைத்துக்கொள் என்றான். பெயிண்டர் உத்தரப் பிரதேசத்துக்காரன், நம்மூர்ப் பஞ்சாங்கத்தோடு அவனுக்குச் சண்டை கிடையாது. அக்காவிடம் சுவரில் இன்னும் ஈரம் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யாகக்கூட இருக்காது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். சன்னலையும் சாத்தினான். சுத்தியல் கொண்டுவரவில்லை, கொண்டுவந்தாலும் செகரெட்டரி இருக்கிறார். சுவரில் சத்தமில்லாமல் எதை எடுக்க முடியும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். கொத்துக்கரண்டியின் முனையைப் பொள்ளலான இடத்தின் விளிம்பில் குத்தி, லேசாக நெம்பினான்.

பூச்சு ஒரு எதிர்ப்பும் காட்டவில்லை. மேஜை விரிப்பைப்போல அவன் கையோடு வந்தது. இரண்டு கையாலும் ஏந்தித் தரையில் வைத்தான். இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது, சுவர் தன் முகத்தை அதில் அச்சுப் பிசகாமல் பதித்திருந்தது. அத்தனை அறை அறைந்தும் கட்டடத்தில் ஒருவருக்கும் தொந்தரவு இல்லாமல் மொத்தமும் இறங்கிவிட்டது. மெஹராஜின் மகள் படுக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே இருந்த பாளம்தான் எல்லாவற்றிலும் கனம். அதைச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளிக் கொண்டுபோய் இறக்கி வைத்தான். பிறகு மீதிச் சுவரையும் சாவியால் தட்டினான். டக் என்று கேட்ட இடங்களையும் நம்பாமல் கரண்டியால் நெம்பினான். சில இடங்கள் வந்தன, சில வரவில்லை. வராத இடத்தையும் விளிம்பு சுரண்டி விட்டான்.

சுவரைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். மறுபடி கழுவினான். வாளியில் பாலை ஊற்றி, தண்ணீர் விட்டு, சிமெண்டைத் தூவித் தூவிக் கலக்கினான். கட்டி தட்டாமல் இருக்கக் கையை விட்டே பிசைந்தான். முதல் பட்டையை உத்தரத்தின் அடியிலிருந்து தரைவரை இழுத்தான். விரலை வைத்துப் பார்த்தான், சொதசொதவென்று இருந்தது. சாந்துத் தட்டை எடுத்தான், வைத்தான். மறுபடி விரலை வைத்தான். இப்போது விரலைச் சுவர் லேசாக இழுத்தது, விட மனமில்லாததுபோல. சாந்தை அள்ளினான். அறையவில்லை. கரண்டியால் அழுத்தி, கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போனான்.

இரண்டாவது பட்டைக்குப் பால் அடித்து முடித்தபோது கதவைத் தட்டினார்கள். மாரீஸ்வரன் வாளியை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாதிக் கதவைத் திறந்தான். செகரெட்டரி. கையில் கறிகாய்ப் பை.

“ஆஜ் ஆவாஸ் நஹி ஆ ரஹீ” என்றார், சத்தம் வராததே சந்தேகம் என்கிற முகத்தோடு. அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “வோ க்யா லகாயா?”

சுவரில் அது என்ன தடவியிருக்கிறாய் என்று கேட்கிறார்.

“பானி” என்றான் மாரீஸ்வரன்.

செகரெட்டரி அந்தத் தண்ணீரைச் சற்று நேரம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார். மாரீஸ்வரன் கதவைச் சாத்தினான். திறந்த நேரத்தில் காற்றுப் பட்டிருக்குமோ என்று இரண்டாவது பட்டையை மேலே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கீழே பாய் விரிக்கும் உயரத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்தான். கீழே கொஞ்சம் காய்ந்ததுபோல் இருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, பிரஷ்ஷை வாளியில் முக்கி, அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு தரம் பால் அடித்தான்.